ஒரு முழ தூரம்: அட்சிசன் ஊரில் பிளீச்சும் ஆசிட்டும் கலந்த காலை

பூக்காரம்மா முழங்கையை மடக்கி அளந்து கொடுக்கிற ஒரு முழம் ஏறக்குறைய 18 அங்குலம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் அட்சிசன் என்றொரு சிற்றூர். அங்கே ஓர் ஆலையில் டேங்கர் லாரிகள் சரக்கு இறக்கும் இடத்தில், சுவரோரம் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு குழாய் வாய்களுக்கு நடுவே அந்த ஒரு முழம்தான் இருந்தது. ஒரு வாய் கந்தக அமிலத் தொட்டிக்குப் போவது. இன்னொன்று சோடியம் ஹைப்போகுளோரைட் தொட்டிக்குப் போவது. 2016 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை அமிலம் கொண்டுவந்த டேங்கரின் ஹோஸ், மாட்ட வேண்டிய வாயில் மாட்டப்படாமல் ஒரு முழம் தள்ளி மாட்டப்பட்டது. சற்று நேரத்தில் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு மேகம் எழுந்து ஊருக்குள் நகர்ந்தது.

யாரும் சாகவில்லை. அதனாலேயே இது வெளியில் அதிகம் பேசப்படாத விபத்து. ஆனால் டேங்கரில் ரசாயனம் இறக்கும் இடத்தில் வேலை பார்க்கிற யாரும் இதைப் படிக்காமல் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். நானும் அப்படியோர் இடத்தில்தான் வேலை செய்கிறேன். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. எங்கள் பிளான்ட்டிலும் ஒரு ஆசிட் தொட்டி உண்டு, ஒரு ஹைப்போ தொட்டி உண்டு.

முதலில் இந்த ‘ஹைப்போ’வைப் பற்றி. 2020இல் கொரோனா வந்தபோது தெருத்தெருவாக டிராக்டரில் தெளித்தார்களே, அதுதான் சோடியம் ஹைப்போகுளோரைட். கடையில் பாட்டிலில் வாங்கித் துணிக்குப் போடுகிற வெள்ளை பிளீச்சும் அதன் நீர்த்த வடிவமே. குளோரினைச் சுண்ணாம்போடு சேர்த்துத் தூளாக ஆக்கினால் பிளீச்சிங் பவுடர். பள்ளிப் பாடத்தில் அதற்குச் சலவைத்தூள் என்று பெயர். பிளான்ட்டில் இருப்பவர்கள் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை. ‘ஹைப்போ வண்டி வந்திருக்கு’ என்றால் போதும். பழைய ஸ்டூடியோக்காரரிடம் போய் ஹைப்போ என்று கேட்டுப் பாருங்கள், அவர் சோடியம் தயோசல்ஃபேட்டை எடுத்துத் தருவார். அது குளோரினைக் கொல்லும் உப்பு. துணியில் பிளீச் போட்ட பிறகு மிச்சக் குளோரினை எடுப்பதற்கு அதைத்தான் போடுவார்கள். குளோரினைத் தருவதற்கும் ஹைப்போ, குளோரினைத் தீர்ப்பதற்கும் ஹைப்போ. பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டாம்.

இந்தப் பொருளின் வயது இருநூறு ஆண்டுகளுக்கும் மேல். 1774இல் ஷீலெ என்ற சுவீடன் வேதியியலாளர் குளோரின் வாயுவைப் பிரித்தெடுத்தார். அது நிறத்தை அழிக்கும் என்பதையும் அவரே கவனித்தார். அதுவரை ஐரோப்பாவில் லினன் துணியை வெளுக்க வேண்டுமானால் வாரக்கணக்கில் புல்வெளியில் விரித்து வெயிலில் போட வேண்டும். பிரான்சில் பெர்தொலே 1780களில் குளோரினைத் துணிக்குப் பயன்படுத்திக் காட்டினார். வாயுவை அப்படியே பிடித்து வைத்துக்கொள்வது நடக்கிற காரியமா? காரநீருக்குள் அதைச் செலுத்திக் கரைத்துவிட்டால் பாட்டிலில் அடைக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். பாரிஸுக்குப் பக்கத்தில் ஜவேல் என்ற கிராமத்தில் அந்தத் திரவத்தைத் தயாரித்ததால், பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் பிளீச்சை ‘ஜவேல் தண்ணீர்’ என்றுதான் சொல்கிறார்கள். 1799இல் ஸ்காட்லாந்தின் சார்ல்ஸ் டெனன்ட் குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றித் தூளாக்கிக் காப்புரிமை வாங்கினார். துணி வெளுக்கும் தொழிலே அதோடு தலைகீழாக மாறிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. காஸ்டிக் சோடா கரைசலுக்குள் குளோரின் வாயுவை விட்டால் ஹைப்போகுளோரைட்டும் சாதாரண உப்பும் தண்ணீரும் கிடைக்கின்றன. வாயு காணாமல் போய்விட்டது போலத் தெரியும். எங்கேயும் போகவில்லை, காரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. காரம் இருக்கும் வரை அது அடங்கிக் கிடக்கும். பிளீச் பாட்டிலின் pH 11க்கு மேலேயே இருப்பதற்குக் காரணம் இதுதான்; கொஞ்சம் காஸ்டிக் உபரியாகப் போட்டே வைக்கிறார்கள். இதில் அமிலத்தை ஊற்றினால் முதலில் அந்த உபரிக் காரம் தீரும். பிறகு pH சரியும். 4ஐ ஒட்டிக் கீழே இறங்கும்போது, ஹைப்போகுளோரைட் மாறி உண்டாகிற ஹைப்போகுளோரஸ் அமிலமும் கரைசலில் ஏற்கனவே இருக்கிற உப்பின் குளோரைடும் சேர்ந்து, போன வழியே குளோரின் வாயு திரும்பி வரும். புதிதாக ஒரு விஷமும் உண்டாகவில்லை. ஆலையில் உள்ளே போன அதே வாயு வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு வரும்? தொழிற்சாலைக்கு வருகிற ஹைப்போ பெரும்பாலும் லிட்டருக்கு 120 கிராம் சுமார் குளோரின் கொடுக்கக்கூடிய வீரியத்தில் இருக்கும். முழுவதும் வெளியேறினால் ஒரு லிட்டர் திரவத்திலிருந்து நாற்பது லிட்டர் வாயு. காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். மேலே பறந்து கலைந்து போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து, பள்ளம் பார்த்து இறங்கும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு அருகே ஜெர்மானியப் படை பதுங்குகுழிகளை நோக்கி இதைத் திறந்துவிட்டதும் இந்தக் குணத்தை நம்பித்தான்.

சரி, அட்சிசனுக்கு வருவோம். மிசௌரி ஆற்றங்கரையில் சுமார் 11,000 பேர் வாழும் ஊர். விமானி அமீலியா ஏர்ஹார்ட் பிறந்த ஊர் என்பதுதான் அதற்கு வெளியுலகில் இருக்கும் பெயர். ஊருக்குள்ளேயே எம்ஜிபிஐ என்ற நிறுவனத்தின் ஆலை. அப்போது ஒரு பக்கம் சாராயம் காய்ச்சினார்கள், இன்னொரு பக்கம் கோதுமையிலிருந்து புரதமும் ஸ்டார்ச்சும் எடுத்தார்கள். ஸ்டார்ச் ஆலையில் பிளீச்சுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஸ்டார்ச்சை வெளுப்பாக்குவதற்கும், கஞ்சி போலக் கெட்டியாகாமல் இளக்கமாக வைப்பதற்கும் ஹைப்போகுளோரைட் கொண்டு அதை ஆக்சிஜனேற்றம் செய்வார்கள். pHஐச் சரிசெய்யக் கந்தக அமிலம் வேண்டும். ஆகவே இரண்டு தொட்டியும் ஒரே ஆலையில் இருப்பதில் தவறொன்றும் இல்லை. இரண்டுக்கும் வாய் ஒரே இடத்தில், ஒரே மாதிரி இருந்ததுதான் சிக்கல்.

காலை 7:35 சுமாருக்கு ஹார்க்ராஸ் கெமிக்கல்ஸ் என்ற நிறுவனத்தின் டேங்கர் கந்தக அமிலத்தோடு ஆலைக்குள் வந்தது. ஆலையின் ஆபரேட்டர் ஒருவர் ஓட்டுநரை இறக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார். அமிலக் குழாயின் வாயில் இருந்த பூட்டைத் திறந்துவிட்டார். இதுதான் வாய் என்று காட்டிவிட்டு, தன் வேலையைப் பார்க்க உள்ளே திரும்பினார். அவர் கவனிக்காத ஒன்று இருந்தது: பக்கத்து ஹைப்போகுளோரைட் வாயும் பூட்டாமல் கிடந்தது.

அந்தச் சில நிமிடங்களை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டுநர் வண்டியிலிருந்து ஹோஸை எடுக்கப் போகிறார். கனமான ஹோஸ். பாதுகாப்பு உடை, முகக்கவசம், கையுறை. திரும்பி வந்து குனிகிறார். சுவரில் ஒரே அளவில், ஒரே வகைக் கப்ளிங்கோடு (ஹோஸை மாட்டும் இணைப்பு) குழாய்கள். வேறு ரசாயனங்களின் வாய்களும் அங்கேயேதான். எது எதற்கு என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்படி அடையாளம் இல்லை. பூட்டில்லாமல் திறந்து கிடக்கும் வாய் ஒன்று கண்ணில் படுகிறது. திறந்துவிட்டிருக்கிறார்கள் என்றால் இதுதானே என்று கை மாட்டிவிடுகிறது. கேம்லாக் கப்ளிங் என்றால் இரண்டு காதை மடக்கினால் வேலை முடிந்தது. பத்து விநாடி கூட ஆகாது. கப்ளிங் சரியாகப் பொருந்தியதே அவருக்கு ‘சரியான இடம்தான்’ என்று சொல்லியிருக்கும்.

8 மணி அளவில் மேகம் தெரிந்தது.

ஒரு தவறு நடந்தது வரைதான் இது. தவறு என்ன ஆனாலும் ஓரிரு நிமிடத்தில் தெரிந்து, வால்வை மூடியிருந்தால் ஆலைக்குள்ளேயே முடிந்திருக்கும். ஆனால் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அமிலம் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த முக்கால் மணி நேரத்தைத்தான் விசாரணை அறிக்கையில் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஓட்டுநரால் வண்டியின் வால்வுக்குப் போக முடியவில்லை; வாயு அங்கேதான் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஆலையின் கட்டுப்பாட்டு அறை. அங்கிருந்து ஒரு பொத்தானை அழுத்தினால் தொட்டிக்குப் போகும் ஓட்டம் நிற்கும் ஏற்பாடு இறக்கும் இடத்தில் இல்லை. இருந்திருந்தாலும் அழுத்த ஆள் இருந்திருப்பாரா என்பது அடுத்த கேள்வி. ஏனென்றால் கட்டடத்தின் காற்றோட்ட அமைப்பு வெளிக்காற்றை இழுத்துக்கொண்டிருந்தது, அந்த வெளிக்காற்றில் இப்போது குளோரின். அறைக்குள் இருந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டியதாயிற்று. சுவாசக் கருவிகள் ஆலையில் இருந்தன. ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. கடைசியில் அவசரகால மீட்புக் குழுவினர் காற்று உருளையோடு உள்ளே போன பிறகே ஓட்டம் நின்றது.

அதற்குள் ஏறக்குறைய 4,000 கேலன் கந்தக அமிலம், தொட்டியில் இருந்த ஏறக்குறைய 5,800 கேலன் ஹைப்போகுளோரைட்டோடு கலந்துவிட்டது. லிட்டரில் சொன்னால் 15,000ம் 22,000ம். நம் ஊர்ப் பெரிய தண்ணீர் லாரி 12,000 லிட்டர் கொள்ளும். ஒன்றேகால் லாரி அமிலம், இரண்டு லாரிக்குச் சற்றுக் குறைவான பிளீச். கந்தக அமிலம் தண்ணீரில் இறங்கினாலே சூடு கிளம்பும். அந்தச் சூடு வாயுவை இன்னும் வேகமாகத் தள்ளும்.

மேகம் ஆலை மதிலோடு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான மக்களிடம், கதவு ஜன்னலை அடைத்து உள்ளேயே இருங்கள் என்று சொன்னார்கள். சில பகுதிகளில் வீட்டைக் காலிசெய்யவும் சொன்னார்கள். ஆலை ஊழியர்கள், டேங்கர் ஓட்டுநர், ஊர்க்காரர்கள் என 140 பேருக்கு மேல் மருத்துவ உதவி தேடிப் போனார்கள். ஓர் ஊழியரையும் பொதுமக்களில் ஐந்து பேரையும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. மதிலுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஐந்து. இந்தக் கணக்கை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். குழாய் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர்கள்தான் அதிகம் படுத்தார்கள்.

குளோரின் உடம்பில் என்ன செய்யும் என்பதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. மூக்கிலும் கண்ணிலும் தொண்டையிலும் இருக்கிற ஈரத்தில் கரைந்து அமிலமாகும். அதிகமாக இழுத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அது சில மணி நேரம் கழித்தும் வரலாம். ‘இப்போ நல்லாத்தான் இருக்கேன்’ என்று வீட்டுக்குப் போவது அதனால்தான் சரியில்லை.

விசாரித்தது அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம். விமான விபத்தை விசாரிக்க ஒரு வாரியம் இருப்பதுபோல ரசாயன விபத்துக்கென்று இருக்கும் மத்திய அமைப்பு. அபராதம் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. ஏன் நடந்தது என்று மட்டும் எழுதும். ஒரு விதத்தில் அதுவே நல்லது; குற்றவாளியைத் தேடாததால் கண் வேறு இடங்களுக்கும் போகிறது. 2018 தொடக்கத்தில் அறிக்கை வந்தது.

வழக்கமாக நம்மிடம் இப்படி ஒன்று நடந்தால் மூன்று நாளில் அறிக்கை தயார். ‘ஓட்டுநரின் கவனக்குறைவு.’ மெமோ, சஸ்பென்ஷன், கேட்டில் ஒரு போர்டு, முடிந்தது. அட்சிசன் அறிக்கை அங்கே தொடங்கி அங்கேயே நிற்கவில்லை. எழுதிவைத்த நடைமுறை ஒன்று இருந்தது: ஆபரேட்டர் நின்று இணைப்பைச் சரிபார்க்க வேண்டும். ஓட்டுநரின் நிறுவனத்திலும் அதுபோல ஒன்று உண்டு. இரண்டும் அன்று கடைப்பிடிக்கப்படவில்லை. அன்று மட்டும்தானா என்று கேட்டால், தாளில் இருந்ததும் தளத்தில் நடந்ததும் ஏற்கனவே வேறு வேறாகத்தான் இருந்தன என்று தெரிந்தது. தினம் தினம் வருகிற வண்டி, தெரிந்த முகம், நூறு முறை சரியாக நடந்த வேலை. நூற்றியோராவது முறை யார் நின்று பார்ப்பார்கள்?

அறிக்கை நெடுகிலும் வருவது இந்தக் கேள்விதான்: மனிதன் மறப்பான், முகக்கவசத்துக்குள் சரியாகத் தெரியாது, பேசிய பேச்சு தப்பாகக் காதில் விழும். இதெல்லாம் நடந்தாலும் கலக்காமல் இருக்க என்ன செய்திருக்க வேண்டும்? வாய்களை ஒரு முழத்துக்குப் பதிலாகத் தள்ளித் தள்ளி வைத்திருக்கலாம். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ரசாயனங்களைக் கட்டடத்தின் வெவ்வேறு பக்கத்துக்கு மாற்றியிருக்கலாம். அமில வாய்க்கு ஒரு அளவு, பிளீச் வாய்க்கு வேறு வடிவம் என்று கப்ளிங்கை மாற்றியிருந்தால் ஓட்டுநர் நினைத்தாலும் மாட்ட முடியாது. தெளிவான பெயர், எண், நிறம். சாவி ஒருவர் கையில், ஒரு நேரத்தில் ஒரு பூட்டு. தொலைவிலிருந்து நிறுத்தும் வால்வு. வாயு கசிந்தால் தானே காற்றோட்டத்தை நிறுத்தும் ஏற்பாடு. தப்பிக்கும் சுவாசக் கருவி ஆள் உட்காருகிற இடத்திலேயே.

இதில் ராக்கெட் விஞ்ஞானம் ஏதாவது இருக்கிறதா? பெட்ரோல் பங்கில் டீசல் துப்பாக்கியின் முனை பெரும்பாலும் தடிமனாக இருப்பதால் பெட்ரோல் காரின் வாயில் அது நுழைவதில்லை. மூன்று முள் பிளக்கை யாரும் தலைகீழாகச் சொருக முடியாது. மயக்க மருந்து இயந்திரத்தில் ஆக்சிஜன் உருளைக்கும் நைட்ரஸ் ஆக்சைடு உருளைக்கும் ஊசித்துளைகள் வேறு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிப் பொருத்த முடியாது. அரசு விதியோ பெரிய செலவோ வேண்டாம். ஒரு பட்டறையில் கப்ளிங்கைக் கடைந்து வாங்குகிற வேலை. என்னைப் பொறுத்தவரை அறிக்கையின் ஆகப் பெரிய வரி இந்தக் கப்ளிங்தான். பெயர்ப்பலகையில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆறு மாதத்தில் ஆசிட் ஆவி பெயின்ட்டைத் தின்றுவிடும். எங்கள் பிளான்ட்டில் ‘ஹைப்போ’ என்று எழுதிய பலகையில் இப்போது மிச்சமிருப்பது கடைசி எழுத்தான ‘போ’ மட்டும்.

பிறகு வழக்கும் நடந்தது. ஆலை நிறுவனமும் டேங்கர் நிறுவனமும் தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அலட்சியத்தை ஒப்புக்கொண்டன. 2020இல் இரண்டுக்கும் தலா 10 லட்சம் டாலர் அபராதம்.

இதை ஆலைக் கதை என்று தள்ளிவைக்க முடியாது. 2019 நவம்பரில் அதே அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பர்லிங்டனில் ஒரு உணவகம். சமையலறைத் தரையில் உப்புப் படிவு நீக்கும் அமிலக் கரைசல் சிந்திக் கிடந்தது. அது தெரியாமல் இன்னொரு ஊழியர் தரை கழுவ ஹைப்போகுளோரைட் கலந்த கிளீனரை ஊற்றினார். தரை பச்சையாகி நுரைத்தது. அவர் மூச்சு முட்டி வெளியே ஓடிவிட்டார். மேலாளர் உள்ளே போய், அந்தத் திரவத்தை ரப்பர் துடைப்பானால் வெளியே தள்ள முயன்றார். அவர் பிழைக்கவில்லை. பத்துப் பேருக்கு மேல் சிகிச்சைக்குப் போனார்கள். அட்சிசனில் இருந்த அதே இரண்டு வகைப் பொருள், அதே வினை. அங்கே லாரிக் கணக்கு, இங்கே வாளிக் கணக்கு. ஆனால் அங்கே திறந்தவெளி, இங்கே நான்கு சுவர்.

நான்கு சுவர் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் வீட்டுக் குளியலறை ஐந்தடிக்கு ஆறடி, எட்டடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று சுமார் 6,800 லிட்டர். 4 சதவீதக் குளோரின் வீரியமுள்ள பிளீச் 100 மில்லி, அதாவது அரை டம்ளர். அதில் இருக்கிற குளோரின் நான்கு கிராம். முழுவதும் வாயுவாக வந்தால் 1.4 லிட்டர் அளவு. அறைக்குள் அது பத்து லட்சத்தில் 200 பங்கு. ஆளை உடனடி ஆபத்தில் தள்ளும் அளவு என்று தொழில் பாதுகாப்பில் வைத்திருக்கிற கோடு பத்து லட்சத்தில் 10 பங்கு. முழுவதும் வராது, சரி. பத்தில் ஒரு பங்கு வந்தாலே 20. கதவைச் சாத்திக்கொண்டு, குனிந்து, முகத்தைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்தச் சராசரியைவிட அதிகமாகத்தான் கிடைக்கும். கனமான வாயு தரையில்தானே கிடக்கும்.

நம் வீடுகளில் இது நடக்காத விஷயம் அல்ல. கக்கூஸ் கழுவும் நீல நிறத் திரவங்கள் பெரும்பாலானவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. சில இடங்களில் இன்னமும் தெருவில் ‘ஆசிட், பினாயில்’ என்று கூவிக்கொண்டு வருகிறவரிடம் லேபிள் இல்லாத பாட்டிலில் வாங்குகிறார்கள். அதை ஊற்றிக் கறை போகவில்லை என்றால் அடுத்து என்ன? மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவது. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் இரண்டு மடங்கு வெளுக்கும் என்று ஒரு நினைப்பு. என் பெரியம்மா ஒரு பொங்கலுக்கு முன்னால் இதைத்தான் செய்தார். ‘காரமா ஒரு நெடி வந்துச்சுப்பா, நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சேன்’ என்றார் இரண்டு நாள் இருமலுக்குப் பிறகு. நெடி வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ. உண்மையில் வெளுக்கும் சரக்கு காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

பிளீச் கறையை எடுப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். கறையின் நிறத்தைத் தருகிற பிணைப்பை உடைத்துவிடுகிறது, அவ்வளவே. கறை நிறமற்றுப் போய் அங்கேயே இருக்கலாம். உப்புத் தண்ணீரால் வந்த மஞ்சள் படிவுக்கு அமிலம் வேலை செய்யும், பிளீச் பெரிதாக எதுவும் செய்யாது. பாசிக்கும் கிருமிக்கும் பிளீச் வேலை செய்யும், அமிலம் தேவைப்படாது. இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றைப் போட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, இன்னொன்றை மறுநாள் வைத்துக்கொள்ளலாம். அமோனியாவோடும் பிளீச் சேரக் கூடாது. பல நாள் கழுவாத பொதுக் கழிப்பறையில் வெறும் பிளீச்சை ஊற்றினாலே கண் எரிவதற்குச் சிறுநீரிலிருந்து வருகிற அமோனியாவும் ஒரு காரணம்.

கலந்துவிட்டால்? ஒன்றும் செய்யாமல் வெளியே வருவதுதான் செய்ய வேண்டியது. பர்லிங்டனில் அந்த மேலாளர் கையில் ரப்பர் துடைப்பான் இருந்தது. அதுதான் அவரை உள்ளேயே பிடித்து வைத்தது. கதவைத் திறந்தபடி விட்டு, காற்று வரும் திசையை நோக்கி, முடிந்தால் மேடான இடத்துக்குப் போக வேண்டும். கண்ணைத் தண்ணீரில் கழுவ வேண்டும். நெஞ்சு இறுகினால் டாக்டரிடம் போய் என்ன எதோடு கலந்தது என்று சொல்ல வேண்டும்.

அட்சிசன் அறிக்கையை நான் படித்து முடித்த வாரம் எங்கள் பிளான்ட்டுக்கு ஒரு ஆசிட் டேங்கர் வந்தது. இரவு ஒன்பதரை மணி. ஓட்டுநர் திருச்சிப் பக்கத்து ஆள், எங்களிடம் வருவது இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ. கேட் பாஸ் போட்டு, கையெழுத்து வாங்கி, வண்டியை ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்தினார். ஹோஸை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டே கேட்டார்:

“அண்ணே, எந்த வாயி?”

நான் பம்பு மேட்டின் மேல், இருபதடி தள்ளி நின்றிருந்தேன். கையில் டீ.

“இடது பக்கம், ரெண்டாவது” என்று கையைக் காட்டினேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. எனக்கு இடது. அவர் என்னைப் பார்த்தபடி நிற்கிறார்.

டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு இறங்கி நடந்தேன். அவர் குனிந்து ஒரு மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் போய் அமில வாயின்மேல் உள்ளங்கையை வைத்தேன். “இது. இது மட்டும்தான்.” அவர் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்தார். மூடியைத் திரும்ப இறுக்கிவிட்டு ஹோஸைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். ஓட்டம் முடியும் வரை அங்கேயே நின்றேன். மறுநாள் கணக்கு ரெஜிஸ்டரில் ஹைப்போ லைனுக்கு வேறு அளவுக் கப்ளிங் கேட்டு ஒரு இன்டென்ட் எழுதிப் போட்டேன். இன்னும் வரவில்லை. இப்போதைக்கு அந்த வாயில் ஒரு சைக்கிள் பூட்டு தொங்குகிறது, சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது.